தோட்டம் கைமாறியது, பாதை யாருடையது?

கேள்வி:

ஐயா, நாங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்மலையில் காபி, மிளகு, மலைவாழை வைத்திருக்கும் குடும்பம். மாமனார் காலத்துத் தோட்டம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. கொரோனாவுக்குப் பிறகு இங்கே தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறுகின்றன. சென்னை, கோவை, பெங்களூரு ஆட்கள் வாங்குகிறார்கள். சிலர் குடியே வந்துவிட்டார்கள். சிலர் சனி, ஞாயிறு மட்டும் வருகிறார்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த ஐந்து ஏக்கரை என் கொழுந்தனார் விற்றார். வாங்கியவர்கள் கணினித் துறையில் இருந்த கணவன், மனைவி. கெட்டவர்கள் இல்லை. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறியபோது அவர்கள் காரில்தான் வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனோம். ஆனால் இப்போது நிலத்தைச் சுற்றி மின்வேலி போட்டு, எங்கள் தோட்டத்துக்கும் அதற்கு மேலே பளியர் பழங்குடிக் குடியிருப்புக்கும் போகிற பாதையில் கேட் வைத்துவிட்டார்கள். அங்கே இருக்கும் காவலாளி என்னைப் பார்த்து, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

வேலி போட்டதிலிருந்து காட்டுமாடு எங்கள் பக்கம் இறங்குகிறது. கூலியை அவர்கள் ஏற்றிவிட்டதால் பழம் பறிக்க எங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. இன்னொரு வெளியூர்க்காரர் கோயில் திருவிழாவின்போது ஒலிபெருக்கிக்காகப் போலீசைக் கூப்பிட்டார். முன்பு வார்டு உறுப்பினராக இருந்தவர், ஊர் நுழைவில் வெளியூர்க்காரர்களுக்கு விதிமுறைப் பலகை வைக்க வேண்டும் என்கிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன், "நீங்களும் விற்றுவிட்டு இங்கே வாருங்கள்" என்கிறான். எனக்கு வருவது கோபமா, பொறாமையா என்று எனக்கே விளங்கவில்லை. அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. பத்திரிகை கொண்டுவந்து அழைத்தார்கள். போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பாதை. மற்றவற்றுக்கெல்லாம் நேரம் இருக்கிறது. பாதைக்கு மட்டும் கெடு உண்டு. நான் வருவாய்த் துறையில் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதில்தான் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

பிறர் நிலத்தின் வழியே நடந்து போகும் உரிமையைப் பற்றிப் பேசுவது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். ஒரு பாதையை 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தகராறு இல்லாமல், விட்டுவிட்டு அல்லாமல், "இது என் வழி" என்ற எண்ணத்தோடு பயன்படுத்தியிருந்தால் அது உரிமையாகிவிடும். ஆனால் யாராவது அடைத்த பிறகு சும்மா இருந்தால் அந்த உரிமை கரையத் தொடங்கும். அடைப்பு நடந்தது தெரிந்தும் ஓர் ஆண்டு பேசாமல் பொறுத்துக்கொண்டால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். வழக்கென்று போனால் அந்த 20 ஆண்டு, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். மலையூர்களில் பலர், "பார்க்கலாம், மனிதர் நல்லவர், கேட்டால் விடுவார்" என்று மூன்று நான்கு வருடம் சுற்றுவழியில் நடந்துவிட்டு அதற்குப் பிறகுதான் அலுவலகத்துக்கு வருவார்கள். அப்போது நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. நிலம் கொழுந்தனாருடையது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் தோட்டமும் அவர் தோட்டமும் ஒரு காலத்தில் மாமனார் பெயரில் ஒன்றாக இருந்தவை. சொந்த நிலத்தில் யாருக்கும் வழியுரிமை உண்டாகாது. தன் வீட்டு முற்றத்தில் நடப்பதற்கு உரிமை எதற்கு? ஆகவே உங்கள் 20 ஆண்டுக் கணக்கு, பாகப்பிரிவினை நடந்த நாளிலிருந்துதான் ஓடும். பிரிவினை நடந்து 20 ஆண்டு ஆகவில்லை என்றாலும் பதற வேண்டாம். ஒரே நிலம் பிரிக்கப்பட்டு, ஒரு பாகத்துக்குப் போக வேறு வழியே இல்லையென்றால், அந்த வழி அவசியத்தின் பேரில் கிடைக்கும் என்று அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. "வேறு வழியே இல்லை" என்பதுதான் அதில் கடினமான சொல். சுற்றிப் போனால் இன்னொரு வழி இருக்கிறதா என்பதை நீங்களே நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பார்க்கும்.

இப்போது தேட வேண்டிய காகிதங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து அதன் கடைசிப் பக்கங்களில் சொத்து விவரத்தைப் படியுங்கள். "மாமூல் வழிநடைப் பாத்தியம்" என்றோ "வண்டிப்பாதை பாத்தியம் உள்பட" என்றோ ஒரு வரி இருக்கக்கூடும். பழைய பத்திர எழுத்தர்கள் எழுதும்போது அந்த வரியை விடவே மாட்டார்கள். அடுத்து, நான்கெல்லை. "இதற்குக் கிழக்கே பாதை" என்று உங்கள் பத்திரத்திலோ பக்கத்துத் தோட்டக்காரரின் பத்திரத்திலோ இருந்தால் அது வாய்ச்சாட்சியைவிடப் பலமானது. கொழுந்தனார் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம். பதிவான ஆவணம் ரகசியமல்ல. அதில் பாதையைப் பற்றி அவர் என்ன எழுதினார், அல்லது என்ன எழுதாமல் விட்டார் என்பது தெரியும்.

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும், எந்தப் புலம் யாருடையது என்று சொல்லும் "அ" பதிவேட்டையும் கேளுங்கள். பாதைக்குத் தனிப் புல எண் இருந்து, பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் விஷயம் முடிந்தது. அது அரசு நிலம். அதில் கேட் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வட்டாட்சியரே அகற்ற நோட்டீஸ் கொடுக்கலாம். புலப்படத்தில் பாதை காணாமல் போயிருந்தால் பழைய ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, நாங்கள் யு.டி.ஆர். என்று சொல்வது, பல பழைய குறிப்புகள் புதிய பதிவேட்டுக்கு ஏறாமலே போயின. எங்கள் துறையில் இன்றுவரை தீராத தலைவலிகளில் பல அங்கே பிறந்தவைதாம்.

நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று: அந்த கேட் பூட்டப்படுகிறதா? பூட்டாத கேட்டும் பூட்டிய கேட்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. மாடு உள்ளே போகாமலிருக்க வைத்த கதவைத் திறந்து நடந்து போவதில் உங்களுக்கு இழப்பு இல்லை. இரவில் பூட்டி, சாவி காவலாளியிடம் மட்டும் இருக்கிறது என்றால் அது அடைப்பு. எதுவாக இருந்தாலும் பாதையை விடாமல் பயன்படுத்துங்கள். காவலாளி கேட்டால், "என் தோட்டத்துக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு நடங்கள். "போகலாமா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகச் சொல்கிற அந்த ஒரு சொல், அனுமதி கேட்டு நடந்ததாகப் பிற்பாடு திரும்பி வரும். அனுமதியின் பேரில் நடந்த வழி உரிமையாகாது.

இவ்வளவு காகிதத்தையும் படித்து முடிக்கும்போது உங்களுக்கு வேறொன்றும் புரியும் என்று நினைக்கிறேன். அந்தத் தம்பதியர் பாதையை அடைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பாதை ஒன்று இருப்பதை அவர்களிடம் யார் சொன்னார்கள்? தரகர் சொல்லியிருக்க மாட்டார். கொழுந்தனார் சொல்லியிருந்தால் ஏக்கருக்கு விலை குறைந்திருக்கும். மலைத்தோட்டத்தில் பாதை என்பது தார்ச்சாலை இல்லை. காபிச் செடிகளுக்கு நடுவே காலடி பட்டுத் தேய்ந்த ஒரு வரி. வெளியூரிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்தவர் கண்ணுக்கு அது தோட்டத்துக்குள் வேலையாட்கள் நடக்கிற தடமாகத்தான் தெரியும். யாருடைய ஆடு எங்கே மேயும், யார் எந்த ஓடையில் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கலாம், விழுந்த பலாப்பழம் யாருக்கு, சாமி ஊர்வலம் எந்த வரப்பைத் தாண்டும் என்று உங்கள் ஊரில் நூறு ஏற்பாடுகள் இருக்கும். அதில் ஒன்றுகூடப் பத்திரத்தில் இல்லை. பத்திரத்தை மட்டும் நம்பி ஐந்து ஏக்கர் வாங்கியவர், தான் வாங்கியது வெறும் ஐந்து ஏக்கர் என்றுதான் நினைப்பார்.

அதனால் உங்கள் கோபத்தில் ஒரு பெரும்பங்கு கொழுந்தனாருக்குச் சேர வேண்டியது. அவர் சொந்தக்காரர். நல்லது கெட்டதில் முகத்தில் விழிக்க வேண்டியவர். அவர் மீது கோபப்பட முடியாது என்பதால் அது வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மீது போய் விழுந்திருக்கிறது. மலையூர்களில் வெளியூர்க்காரர் மீது வருகிற புகார்களைக் கிளறினால் கீழே பெரும்பாலும் ஓர் உள்ளூர்க்காரரின் கையெழுத்துதான் இருக்கும். இதை எல்லோரும் அறிவார்கள். யாரும் சபையில் சொல்ல மாட்டார்கள்.

கொழுந்தனாரையும் நான் குற்றவாளியாக்கவில்லை. கீழ்மலையில் ஏன் விற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கமலா ஆரஞ்சு ஒரு காலத்தில் அங்கே கொடிகட்டிப் பறந்தது. மரங்கள் நலிந்து போயின. விருப்பாச்சி மலைவாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பழம் என்ற பெருமையும் உண்டு. ஆனால் முடிக்கொத்து நோய் புகுந்த தோட்டத்தில் பெருமையை வைத்து என்ன செய்வது? பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். முழங்கால் வலிக்கிற வயதில் சரிவுத் தோட்டத்தில் ஏறி இறங்க முடியவில்லை. அந்த நேரத்தில் கேட்டதைவிட அதிக விலை சொல்லி ஒருவர் வந்தால் விற்கத்தான் செய்வார்கள். அதற்கப்புறம் 2025 தொடக்கத்தில் அராபிகா காபி விலை உலகச் சந்தையில் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. விற்றவர்கள் வீடுகளில் அந்த வருடம் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

கோபமா, பொறாமையா என்று கேட்டீர்கள். இரண்டும்தான். இரண்டிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் முப்பத்தொரு வருடம் முதுகு ஒடிய உழைத்து வாங்க முடியாத ஒன்றை, ஒருவர் ஒரே கையெழுத்தில் வாங்கினால் வயிறு எரியாதா? அதைப் பாதைப் புகாரோடு கலக்காமல் இருந்தால் போதும். "எங்கள் பாதையை விடுங்கள்" என்று சொல்லும்போது குரலில் "உங்களுக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு பணம்" என்பதும் சேர்ந்து ஒலித்தால், கேட்பவர் இரண்டாவதற்குத்தான் பதில் சொல்வார்.

கூலி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் வரமாட்டேன். காபிப் பழம் பறிக்கிற பெண்களுக்கு நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்றால் ஊரில் ஒரு பாதிக்கு அது நல்ல செய்தி. அவர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் நேரத்தைப் பேசித் தீர்க்கலாம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பழுத்துச் செடியிலே நிற்காது, உதிர்ந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் வெளியூர்க்காரர்கள் குழி வெட்டுவது, கல் அடுக்குவது போன்ற வேலைகளைத் தள்ளிப்போட்டால் இரு பக்கமும் ஆள் கிடைக்கும். அறுவடை எப்போது என்பதே பலருக்குத் தெரியாது. சொன்னால் கேட்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வேலிக்கு வருகிறேன். 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த மின்வேலி விதிகள், காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் மின்வேலி போடுவதற்கு வனத்துறையின் அனுமதியையும் பதிவையும் கேட்கின்றன. அவர்கள் அதைச் செய்தார்களா என்று விசாரிக்கச் சொல்லலாம். அதை ஆயுதமாக எடுக்காதீர்கள். ஒருவர் வேலி போட்டால் காட்டுமாடு அடுத்தவர் தோட்டத்துக்கு இறங்கும்; அவரும் போட்டால் அதற்கடுத்தவர். கடைசியில் வேலி போட வசதியில்லாதவர் தோட்டத்தில் போய் நிற்கும். வனச்சரக அலுவலரை ஒருநாள் வரச்சொல்லி, இரண்டு தோட்டக்காரரும் கூட நின்று, எந்தப் பக்கம் திறந்து விட்டால் விலங்கு காட்டுக்கே திரும்பும் என்று பார்ப்பதுதான் பயன் தரும். ஏற்கெனவே பயிர் சேதமாகியிருந்தால் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். தொகை பெரிதாக இருக்காது. ஆனால் பதிவு இருக்க வேண்டும்.

ஒலிபெருக்கியில் சட்டம் போலீசைக் கூப்பிட்டவர் பக்கம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். திருவிழாக் காலங்களில் அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவு வரை தளர்த்தலாம். பகலிலும் முன் அனுமதி வேண்டும். உங்கள் விழாக் குழு அனுமதி வாங்கியிருந்ததா? வாங்கவில்லை என்றே நினைக்கிறேன், மலையில் யாரும் வாங்குவதில்லை. அதே சமயம், ஊரில் பூசாரி இருக்க, விழாக் குழு இருக்க, பக்கத்து வீடு இருக்க, முதல் தொலைபேசி அழைப்பு 100-க்குப் போனது ஊரைக் காயப்படுத்தியது நியாயமே. நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, அதனால் போலீஸ்தான் வழி. அந்தப் பழக்கத்தோடு வந்திருக்கிறார். அடுத்த ஆண்டு விழா நோட்டீஸை அவர் வீட்டுக்கு முதலில் கொடுத்து, எத்தனை இரவு, எத்தனை மணிவரை என்று சொல்லிவிடுங்கள். வரியும் கேளுங்கள். கோயில் வரி கொடுத்தவர் போலீசைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் கடிதத்தில் பளியர் ஒரே ஒரு இடத்தில் வருகிறார்கள், பாதையின் மேல் முனையில். எனக்கு அந்த இடம் கண்ணை உறுத்தியது. அந்த கேட் உங்களுக்கு மனவருத்தம். அவர்களுக்கு அந்தப் பாதைதான் தேனும் கல்பாசியும் சந்தைக்குப் போகும் வழி, கர்ப்பிணியைத் தூக்கிவரும் வழி. காட்டுக்குள் அவர்களுக்கிருக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. காட்டுக்கும் கடைவீதிக்கும் நடுவே இருக்கிற பட்டா நிலம் அடைபட்டால் அந்தச் சட்டத்தால் கேட்டைத் திறக்க முடியாது. உங்களுக்காவது பத்திரம் இருக்கிறது. அவர்கள் நடந்ததற்கு என்ன காகிதம்? ஆகவே மனுவை நீங்கள் தனியாக எழுதாதீர்கள். அவர்களையும் சேர்த்து, அவர்களில் வயதானவர்களின் வாக்குமூலத்தையும் எழுதி வாங்குங்கள். பாகப்பிரிவினைக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. உங்கள் மாமனாருக்கு முன்பே நடந்தவர்கள் அவர்கள். உண்மையைச் சொன்னால் உங்கள் வழக்கைவிட அவர்கள் வழக்கு பலமானது.

பூர்வீகம் என்று பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்றும் யோசியுங்கள். தாண்டிக்குடிப் பக்கம் கிடக்கிற கல்திட்டைகளை, அந்தப் பழங்கால ஈமச் சின்னங்களை, எழுப்பியவர்கள் தங்கள் வம்சமென்று சொல்ல இன்று யாரும் இல்லை. இந்த மலையின் முக்கிய விவசாயக் குடிகள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கோவைப் பக்கத்துச் சமவெளியிலிருந்து ஏறிவந்தவர்கள் என்ற வழக்கை 1906-ல் வெளியான மதுரை மாவட்டக் கெசட்டியர் பதிவு செய்திருக்கிறது. அப்போது பளியர் வீட்டில் இதே பேச்சு நடந்திருக்கும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் வந்தார்கள். தோட்ட வேலைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் போனார்கள். தலைமுறை கடந்தும் "சிலோன்காரர்" என்ற பெயர் அவர்களைவிட்டுப் போகவில்லை. அவர்கள் யாருடைய பாதையையும் அடைக்கவில்லை, கூலியை ஏற்றவில்லை, போலீசைக் கூப்பிடவில்லை. அப்போதும் ஊர் அவர்களை எளிதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பணத்தோடு வருகிறவரிடம் மலையூர் காட்டுகிற முறைப்பில் நியாயம் ஓரளவு இருக்கிறது. வெறுங்கையோடு வந்தவரிடம் காட்டியதில் அதுவும் இல்லை.

இதையொட்டி, கசந்தாலும், ஒன்று. "எங்கள் ஊர் வழக்கம்" என்று நீங்கள் பாதுகாக்க நினைப்பதில் எது எது அடக்கம்? புதிதாக வந்தவரிடம் ஊர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அவர் எந்த ஊர் என்பதை அல்ல, என்ன சாதி என்பதை. நேரடியாகக் கேட்காமல் குலதெய்வம் எது, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று சுற்றிவளைப்பார்கள். நகரத்திலிருந்து வருகிறவர்களில் சிலர் பட்டணத்துக்குப் போனதே இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான். அப்படி ஒருவர் ஊரோடு ஒட்டவில்லை என்றால் அதைத் திமிர் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஓடைத் தண்ணீர் முறையும் பாதையும் காக்க வேண்டிய வழக்கம். யார் எந்த டம்ளரில் குடிப்பது என்பதும் வழக்கமாகத்தான் இருந்தது.

பலகை வேண்டாம். ஜப்பானில் ஃபுகுயி மாநிலத்தில் இகெடா என்று ஒரு மலையூர், மூவாயிரத்துக்கும் குறைவான மக்கள். ஆட்கள் குறைந்துகொண்டே போவதால் வெளியிலிருந்து குடியேறுபவர்களை வரவேற்கிற ஊர் அது. 2023 ஜனவரியில் ஊர் இதழில் புதிதாக வருபவர்களுக்கு ஏழு அறிவுரைகள் வெளியிட்டார்கள். நகரத்துத் தோரணையைக் காட்டாதீர்கள், எல்லோரும் உங்களைக் கவனித்து எடைபோடுவார்கள், அது இயல்பு என்ற தொனியில். நாடு முழுவதும் செய்தியாகி, "இப்படிச் சொன்னால் யார் வருவார்கள்?" என்று கண்டனம் குவிந்தது. படித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த மலையூரிலும் நடப்பதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாய்மொழியாகச் சொன்னால் அக்கறையாக இருப்பது, அச்சில் ஏறியதும் மிரட்டலாகிவிட்டது. உங்கள் ஊர்ப் பலகையும் அப்படித்தான் ஆகும். யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். நல்ல மனிதர்கள் புண்படுவார்கள். வாரக் கடைசியில் பாட்டுப் போட்டுக் கூத்தடிக்கிறவர்கள் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

எழுத வேண்டியது பலகையில் அல்ல, கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அடுத்த கூட்டத்துக்குள் ஊரின் நடைபாதைகள், வண்டிப்பாதைகள், ஓடைகள், குடிநீர் எடுக்கும் ஊற்றுகள், மயானத்துக்குப் போகும் வழி எல்லாவற்றையும் புல எண்ணோடு ஒரு பட்டியலாகத் தயாரியுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். தீர்மானமாக நிறைவேற்றி நகலை வட்டாட்சியருக்கும் சார்பதிவாளருக்கும் அனுப்புங்கள். அதனாலேயே தனியார் நிலத்தில் உரிமை பிறந்துவிடாது. ஆனால் நாளைக்கு நிலம் வாங்க வருகிறவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. தரகரும் மறைக்க முடியாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். வெளியூரிலேயே வாக்கு வைத்திருப்பவருக்கு அங்கே வாக்குரிமை இல்லை என்றாலும் உட்கார வைத்துக் கேட்கச் செய்வதில் தடையில்லை. கூப்பிடுங்கள்.

உங்கள் மகன் சொல்வதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது உங்கள் முழங்காலையும் வங்கிக் கணக்கையும் பொறுத்தது. கேட் மீதிருக்கும் கோபத்தில் மட்டும் விற்றுவிடாதீர்கள். எப்போதாவது விற்க நேர்ந்தால், உங்கள் தோட்டத்தின் வழியாகப் பளியர் குடியிருப்புக்குப் போகும் வழியைக் கிரயப் பத்திரத்தில் அளவோடு எழுதிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம் குறையும்.

புதுமனை புகுவிழாவுக்குப் போங்கள். மொய் வையுங்கள், சாப்பிடுங்கள், வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தாத்தாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன இரவைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். அதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், ஊர் மறக்கவில்லை என்று தெரியட்டும். அன்றைக்குப் பாதைப் பேச்சை எடுக்க வேண்டாம். விழா முடிந்த அடுத்த வாரமே பத்திர நகல், புலப்படம் இவற்றோடு போய்ப் பேசுங்கள். கொழுந்தனாரைக் கட்டாயம் கூட அழைத்துப் போங்கள். வரமாட்டேன் என்பார், விடாதீர்கள். இங்கே பாதை இருந்தது, விற்கும்போது நான் சொல்லவில்லை என்று அவர் வாயால் வந்தால், நீங்கள் பேச வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும். ஒத்துக்கொண்டால் பாதையின் நீள அகலத்தைக் குறித்து ஓர் ஒப்பந்தமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டால் அடுத்த கிரயத்தில் அது நிற்காது.

அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஏற்புச் சீட்டை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். பட்டா நிலத்து வழி என்றால் வருவாய்த் துறையால் ஓரளவுதான் முடியும், உரிமையியல் நீதிமன்றம்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆகவே கேட் வைத்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஓர் ஆண்டு நிறைவதற்குள் வத்தலக்குண்டிலோ கொடைக்கானலிலோ ஒரு வழக்கறிஞரைப் பார்த்து நோட்டீஸாவது அனுப்பிவிடுங்கள்.